கை நனைக்காத வீடு

லூர்துபிரகாஷ் திரையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, வீராயி அம்மாள் உட்கார்ந்திருந்தார். பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம். ஒரு பக்கம் கணவர் கோவிந்தசாமி, அவருக்கு அப்பால் மகன் கோபிநாத். இன்னொரு பக்கம் லூர்துபிரகாஷின் ஒரே மகள் ஜாஸ்லின். அவளுடைய வருங்கால மாமியாரும் மாமனாரும் பாகூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி நாடகம் பார்க்க வந்திருக்கிறார்கள். திரை அசைந்ததைப் பார்த்து ஜாஸ்லின் கையை ஆட்டினாள். பப்பாவுக்கு ஓர் ஆச்சரியம் கொடுத்துவிட்ட பெருமை அவள் முகத்தில் வழிந்தது.

ஆச்சரியம்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், திரை உயரும். இரண்டாவது காட்சியில் இந்த ஊரே பார்த்துச் சிரிக்கப்போகிற பொம்பளை, இதே வீராயி அம்மாள்தான்.

பெயரை மாற்றியிருந்தார், அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு. நாடகத்தில் பொன்னம்மா என்று வைத்திருந்தார். ஊரையும் தூக்கி வேறு பக்கம் போட்டிருந்தார். மாற்றாமல் விட்டது பேச்சை மட்டும்.

பேச்சில் கைவைக்க அவருக்கு மனம் வராது. பகலில் மின்துறை அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்க்கிறவர் என்றாலும், இருபது வருஷமாக இந்த நாடகக் குழுவுக்கு நகைச்சுவை நாடகம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ஒத்திகையில் அடிக்கடி சொல்லுவார்: ஆள் மேடைக்கு வருவதற்கு முன்னால் குரல் வந்தாலே போதும், அது எந்தத் தெரு, வீட்டில் நாற்காலி உண்டா பாய்தானா, சாப்பிட்ட கையை எங்கே துடைப்பார்கள் என்பதெல்லாம் சனங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதற்காகவே தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் மீன் வாங்காமல் நிற்பார். கல்லறைத் திருநாளில் செபம் சொல்வதை விட்டுவிட்டு அடுத்த கல்லறைக்காரர்களின் சண்டைக்குக் காது கொடுப்பார். பிறர் பேச்சைப் பொறுக்குவது திருட்டே இல்லை, பேசினவர்களுக்கு அதில் ஒன்றும் குறைவதில்லையே என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேசினவர் மூன்றாவது வரிசையில் வந்து உட்காராத வரைக்கும்.

நடந்தது இதுதான். ஜாஸ்லினும் கோபிநாத்தும் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள். அவள் லேபில், அவன் வார்டில் நர்ஸ். இவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் இந்துக்கள் என்பதால் இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் அழுகையும் முகம் தூக்கலும் நடந்து, கடைசியில் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். பேசி முடித்த பிறகு, நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பையன் வீட்டார் முதல் தடவையாக நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்தார்கள்.

வீராயி அம்மாள் கையில் செருப்போடு கூடத்துக்குள் வந்தார். "வூடு கோயிலாட்டம் இருக்குது சம்மந்தி. செருப்ப எங்க வுடறதுன்னு தெரியல, கையோட எடுத்தாந்துட்டேன்" என்றார். சோபாவின் நுனியில் குந்தினார். லூர்துபிரகாஷின் மனைவி அகஸ்டினாவுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சுவரில் உடுப்போடு நிற்கிற அவர் படத்தை வீராயி அம்மாள் அண்ணாந்து பார்த்து, "பெரியவரு போலீசா?" என்று கேட்டார். லூர்துபிரகாஷுக்கு எழுதக் கை பரபரத்தது.

அகஸ்டினா வெள்ளித் தட்டில் கேக் கொண்டுவந்து நீட்டினார். "எடுத்துக்குங்க."

"வேணாம்மா. இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்றார் வீராயி அம்மாள்.

அகஸ்டினா சிரித்த முகத்தோடு தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அகஸ்டினாவின் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீட்டில், வளர்ந்தவர். அந்த வீட்டு மேசையில் ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றவரை இன்னொரு தடவை கேட்டால், அவர் வார்த்தையை நம்பவில்லை என்று ஆகிவிடும், அது மரியாதைக் குறைவு. வீராயி அம்மாள் ஊரில் இதற்கு நேர்மாறு. நீட்டியதும் எடுப்பவர் பறக்காவெட்டி. வேண்டாம் என்று சொல்வது வந்தவர் மரியாதை, கையைப் பிடித்து உட்காரவைத்துப் போடுவது வீட்டுக்காரர் மரியாதை. அதிலும், பேசி முடித்த சம்பந்தி வீட்டில் முதன்முதலாகக் கை நனைப்பது என்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை. வயிறாரச் சாப்பிட வேண்டும், அப்போதுதான் உறவு ஒட்டும் என்று, மூன்று பேரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். வந்தபடியே வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தபோது வீராயி அம்மாள் மகனிடம் சொன்னாராம்: "இன்னொரு தடவ கேப்பாங்கன்னு பாத்தேன்டா."

இதைக் கோபிநாத் சிரித்துக்கொண்டே ஜாஸ்லினிடம் சொன்னான். ஜாஸ்லின் சிரிக்காமல் பப்பாவிடம் சொன்னாள். அடுத்த தடவை அவர்கள் வரும்போது மம்மா கொஞ்சம் வற்புறுத்தணும் என்பதற்காகச் சொன்னாள். பப்பா அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சு மிடுக்குக் காட்டுகிற பெரிய மனிதரை ஊரில் மிசே என்பார்கள்; நாடகத்துக்கு 'மிசே வீட்டு விருந்து' என்று பேர் வைத்தார். அதை அகஸ்டினா ஒத்திகையில் பார்த்துவிட்டு, "அந்தக் கடைசி வரி வேணாங்க. அது அவுங்க புள்ளகிட்ட சொன்னது" என்றார். ஒரு தடவைதான் சொன்னார். அந்த வீட்டு வழக்கப்படி இன்னொரு தடவை சொல்லவில்லை.

வருகிற வியாழக்கிழமை பாகூரில் நிச்சயதார்த்தம். பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது.

லூர்துபிரகாஷ் திரையை விட்டுவிட்டு ஒப்பனை அறைக்கு ஓடினார். குழுவின் இயக்குநர் அமலநாதன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அமலு, ரெண்டாவது சீன்ல தட்டு எடுக்கறதையும் பஸ் ஸ்டாண்டையும் தூக்கிருவோம்."

"தூக்கிட்டு?"

"அந்தம்மா வந்திருக்காங்க. மூணாவது வரிசையில."

அமலநாதன் பாட்டிலை மூடினார். விஷயம் அவருக்கும் தெரியும். ஒத்திகையின்போது லூர்துபிரகாஷே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துச் சொன்னதுதானே. "இப்ப வந்து சொல்ற. ரெண்டாவது சீன்ல அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? மிசே வேஷத்துல இராமதாஸ் வந்து போன்ழூர்னு வணக்கம் சொல்லிட்டுப் போறதா? லைட்டு, செட்டு எல்லாம் அதுக்குத்தான் போட்ருக்கு. முன் வரிசையில யாரு யாரெல்லாம் வந்திருக்காங்கன்னு பாத்தியா?"

"எம்பொண்ணு வாழ்க்கடா."

"ஊர்ல எல்லா அம்மாவும் அப்பிடித்தான் பேசுது. அவுங்களத்தான்னு அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அமலநாதன் எழுந்துபோனார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது நடையில் தெரிந்தது.

பொன்னம்மாவாக நடிக்கிற ஹேமலதா கண்ணாடி முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அதே கனகாம்பரம். லூர்துபிரகாஷ்தான் அதையும் சொல்லிக் கொடுத்தவர். அவளிடம் குனிந்து கெஞ்சினார். தட்டு போனதும் அப்படியே வெளியே வந்துவிடு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதே என்றார். ஹேமலதா பாவம், நல்ல பெண். "சரி சார், பாக்கறேன்" என்றாள். மணி அடித்தது.

அவர் வேறு வழியில்லாமல் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஜாஸ்லின் தன் இடத்தை விட்டு எழுந்து, அவரை வீராயி அம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, தான் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

"வாங்க சம்மந்தி. நீங்க எழுதனதாமே" என்றார் வீராயி அம்மாள். "நான் நாடகம் பாத்து எத்தினியோ வருசமாச்சு."

முதல் காட்சி நல்லபடியாகப் போனது. இராமதாஸ் மிசேயாக வந்து, வேலைக்காரனிடம் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகக் கத்தினார். அண்ணாசாலையில் தான் கண்ணாடி வாங்கப் போய் ஏமாந்த கதையைச் சொன்னார். முன் வரிசையில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய குடும்பத்துப் பெரியவர்கள் தங்களையே பார்ப்பதுபோலப் புன்னகைத்தார்கள். பின்னாலிருந்து இரண்டு விசில் வந்தது. லூர்துபிரகாஷ் மனத்துக்குள் தனக்கே வக்கீலாகப் பேசிக்கொண்டார். நான் இரண்டு பக்கத்தையும்தானே கிண்டல் செய்கிறேன், ஒரு பக்கத்தை மட்டுமா செய்கிறேன் என்று வாதாடினார்.

இரண்டாவது காட்சி. ஹேமலதா கையில் செருப்போடு உள்ளே வந்தாள். "வூடு கோயிலாட்டம் இருக்குது சம்மந்தி. செருப்ப எங்க வுடறதுன்னு தெரியல, கையோட எடுத்தாந்துட்டேன்."

மண்டபம் அதிர்ந்தது. மிசேக்கு வந்தது புன்னகை. இவளுக்கு வந்ததோ வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. வித்தியாசம் எங்கே என்று எழுதினவருக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று புரிந்தது. மிசேயை அவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினார். இவளை உண்டாக்கவில்லை, எடுத்துக்கொண்டார். உண்மைக்குக் கிடைக்கிற சிரிப்பே வேறு.

பக்கத்தில் வீராயி அம்மாளும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கணவரின் தொடையில் தட்டி, "தே, நம்மள மாதிரியே ஒண்ணு" என்றார். லூர்துபிரகாஷின் உயிர் போய் வந்தது. தெரியவில்லை, நல்லவேளை, தெரியவில்லை என்று மூச்சு விட்டார்.

ஹேமலதா சுவரைப் பார்த்தாள். "பெரியவரு போலீசா?"

சிரிப்பு மறுபடியும் எழுந்தது. வீராயி அம்மாள் பாதிச் சிரிப்பில் நின்றார். கை வாயிலிருந்து மெதுவாக இறங்கி மடிக்கு வந்தது. அவர் லூர்துபிரகாஷைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தன் பக்கமிருந்த அவர் தோள் விறைத்துப்போனது இவருக்குத் தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தார்.

மேடையில் மிசேயின் மனைவி தட்டை நீட்டினாள்.

"வேணாம்மா. இப்பதான் சாப்ட்டு வந்தோம்."

தட்டு போயிற்று. ஹேமலதா தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் தட்டுக்குப் பின்னால் அனுப்பினாள். தட்டு கூடத்தைத் தாண்டிற்று, கண்ணும் தாண்டிற்று. தட்டு கதவுக்குள் போனது, கண் கதவிலேயே நின்றது. லூர்துபிரகாஷ் நான்கு ஒத்திகை எடுத்துச் சொல்லிக் கொடுத்த இடம் அது. முன் வரிசையில் ஒரு பெரிய மனிதர் சிரித்துச் சிரித்து இருமினார். இப்போது வெளியே வந்துவிடு தாயே என்று லூர்துபிரகாஷ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஹேமலதா மேடையை விட்டுப் போகிற பக்கம் இரண்டு அடி வைத்தாள். மனசார வைத்தாள், அதில் பொய் இல்லை. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. மண்டபம் முழுக்கத் தன்னையே பார்த்துச் சிரிக்கும்போது எந்த நடிகைதான் வசனத்தை விழுங்கிவிட்டுப் போவாள்? அவள் திரும்பினாள். விளக்கு மாறியது. பஸ் ஸ்டாண்டுப் பரோட்டாக் கடைப் பெஞ்சில் போய்க் குந்தினாள். மகனாக நடிக்கிறவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ கேப்பாங்கன்னு பாத்தேன்டா."

அந்த நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான். பின் வரிசை, முன் வரிசை எல்லாம் ஒன்றாகச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் மட்டும் ஐந்து பேர் சிரிக்கவில்லை.

வீராயி அம்மாள் இப்போதும் லூர்துபிரகாஷைப் பார்க்கவில்லை. மறுபக்கம் திரும்பி மகனைப் பார்த்தார். அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ஒருவர் கோவிந்தசாமி, அவர் வாயைத் திறக்காத மனிதர். கோபிநாத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்துபோயிருந்தது. ஜாஸ்லின் பப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் லூர்துபிரகாஷ் தாங்கியிருப்பார்.

மிச்ச நாடகத்தை அவர் பார்க்கவில்லை. புடவை முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த ஒரு கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும், வழக்கம்போல முக்கியமானவர்களுக்கு மண்டபத்தின் பின்முற்றத்தில் டீயும் கேக்கும் வைத்திருந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. நாலா பக்கமும் லூர்துபிரகாஷின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அந்தப் பொம்பள, அய்யோ, அந்தப் பொம்பள" என்று ஒருவர் அவர் முதுகில் தட்டினார். இரண்டு அடி தள்ளி வீராயி அம்மாள் நின்றிருந்தார்.

அகஸ்டினா தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவரும் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர்தான். "எடுத்துக்குங்க" என்று நீட்டினார். இந்தத் தடவை வேண்டாம் என்றால் விடுவதில்லை, கையைப் பிடித்தாவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

வீராயி அம்மாள் உடனே ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். "தேங்ஸ்ங்க" என்றார். நின்றபடியே, உதிராமல், முழுசும் சாப்பிட்டார். காகிதத்தில் விரலைத் துடைத்து, மடித்து, மேசைமேல் வைத்தார். அவ்வளவு ஒழுங்காக அந்த முற்றத்தில் வேறு யாரும் சாப்பிடவில்லை. தட்டோடு நின்ற அகஸ்டினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வற்புறுத்த இடமே இல்லாமல் சாப்பிட்டுவிட்டவரை என்ன செய்வது?

லூர்துபிரகாஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. சும்மா ஒரு நாடகம்..."

"நல்லாத்தான் இருந்துது சார்" என்றார் வீராயி அம்மாள்.

சம்மந்தி போய் சார் வந்துவிட்டது. பேச்சில் ஒரு முடிச்சு மாறினாலும் கண்டுபிடிக்கிற காது லூர்துபிரகாஷுடையது. கண்டுபிடித்துக்கொண்டது.

"அப்பிடியே சொல்லியிருக்கீங்க. நான் பேசனது எனக்கே மறந்துபோச்சு, நீங்க மறக்கல." குரல் உயரவில்லை. "ஒண்ணு மட்டும் கேக்கறேன். செருப்பு கதயெல்லாம் வுடுங்க, அது சிரிப்புதான், நானே சிரிச்சேன். நாங்க பசியோட போனது உங்களுக்குத் தெரியாது, அன்னிக்கி தெரியாது. செரி. புள்ளைங்க சொல்லித் தெரிஞ்சுதில்ல. தெரிஞ்சப்புறம் ஒரு போன போட்டு, வாங்கம்மான்னு கூப்புட்டு ஒரு வாய் சோறு போட்ருக்கலாமே. நீங்க அத எழுதி, எல்லாரையும் கூப்புட்டுக் காமிக்கிறீங்க."

எத்தனையோ பேருக்கு வசனம் எழுதிய லூர்துபிரகாஷ், அவர் மேசைமேல் மடித்து வைத்த காகிதத்தைப் பார்த்தார்.

"வியாழக்கெழம..." என்று ஆரம்பித்தார்.

"வேணாங்க" என்றார் வீராயி அம்மாள். "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கணவரிடம் சொல்லிவிட்டு நடந்தார். கோவிந்தசாமி எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்னால் போனார். கோபிநாத் ஜாஸ்லினிடம் என்னமோ சொல்ல வந்தான், சொல்லாமல் அவர்கள் பின்னால் ஓடினான்.

லூர்துபிரகாஷ் நின்ற இடத்திலேயே நின்றார். ஜாஸ்லின் பக்கத்தில் வந்தாள்.

"நான் உங்ககிட்டதான் சொன்னேன், பப்பா. நாடகத்துக்கிட்ட சொல்லல."

"அவுங்கதான் வேணாம்னுட்டாங்களேம்மா."

"ஒரு தடவதான் சொல்லியிருக்காங்க" என்றாள் ஜாஸ்லின். இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "இன்னொரு தடவ போய்க் கேளுங்க."

ஸ்கூட்டர் சாவியைக்கூட அகஸ்டினாதான் எடுத்துக் கையில் திணித்தார். அந்தச் சீமாட்டி தன் வாழ்நாளில் ஒருவர் கையில் ஒன்றைத் திணித்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். "போங்க" என்றார். பிறகு, "போங்கங்கறேன்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுற்றுலாக் கூட்டம், தெருவெல்லாம் அடைத்துக்கொண்டு கார். பஸ் போய்விட்டிருக்குமோ என்ற பதைப்பில் லூர்துபிரகாஷ் ஒருவழிப் பாதையில் எதிரே போய்த் திட்டு வாங்கினார். பஸ் ஸ்டாண்டில் பாகூர் வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது. அப்புறம்தான் பரோட்டாக் கடை ஞாபகம் வந்தது. அவரே எழுதிய காட்சி, அவருக்கே கடைசியாகத்தான் ஞாபகம் வந்தது.

அங்கேதான் இருந்தார்கள். ஒரு மேசையில் கோவிந்தசாமியும் வீராயி அம்மாளும். அடுத்த மேசையில் தனியாகக் கோபிநாத், தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா அவனோடு பேசவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

லூர்துபிரகாஷ் மேசைக்கு முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வசனம் ஒன்று இருந்தது. அழகான வசனம். வீராயி அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அது அழகாக இருப்பதே அசிங்கமாகப் பட்டது, விட்டுவிட்டார்.

"தப்புங்க" என்றார். "நான் செஞ்சது தப்பு. பசின்னு தெரிஞ்சதும் எனக்கு சோறு ஞாபகம் வரல. நாடகம்தான் ஞாபகம் வந்துது. புள்ளைங்கள அதுக்காகத் தண்டிக்காதீங்க."

பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோவிந்தசாமிக்கு ஒருவர் நின்றுகொண்டிருக்கத் தான் சாப்பிடுவது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்போதுதான் வந்து இறங்கிய புதுத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். "குந்துங்க. ஒரு வாய் சாப்புடுங்க."

நாடகத்தன்றைக்கு லூர்துபிரகாஷ் பயத்தில் எதுவும் சாப்பிடுகிற வழக்கமில்லை. காலையில் குடித்த காப்பிதான். சால்னா வாசனையில் வயிறு சுருண்டது. ஆனால் எந்த முகத்தோடு அவர்கள் தட்டில் கை வைப்பது?

"வேணாங்க" என்றார்.

கோவிந்தசாமி மறுபடியும் வாயைத் திறந்தார். வீராயி அம்மாள் அவரை முந்திக்கொண்டார். "வேணாங்கறாருல்ல, வுடுங்க. அவுங்க வூட்ல ரெண்டாவது தடவ கேட்டா மரியாத இல்லயாம்." தட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தட்டு மேசைமேல் மெதுவாக நகர்ந்து போனது. லூர்துபிரகாஷின் தலை அசையவில்லை. கண் மட்டும் தட்டோடு போனது. தட்டு வீராயி அம்மாளின் முழங்கைக்கு அருகே போய் நின்றது, கண்ணும் அங்கேயே நின்றது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இந்த நடிப்பைச் சொல்லிக் கொடுத்தபோது, தட்டு போன பிறகு மனுஷனுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை. இப்போது தெரிந்தது. இவர்கள் இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டார்களா என்று இருந்தது. அவமானமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

வீராயி அம்மாள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டார்.

முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கியது. வாயைப் பொத்தினார், கைக்கு மேல் சிரிப்பு வழிந்தது. மேடையைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. "தே, அந்தப் பொண்ணு பாத்தாப்லயே பாக்கறாரு" என்று கணவரின் தொடையில் தட்டினார். கோவிந்தசாமி சிரித்தார். அடுத்த மேசையில் கோபிநாத் பயந்து பயந்து தலையைத் தூக்கினான். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது வீராயி அம்மாளின் முகத்தில் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அவர் தட்டைத் தூக்கி லூர்துபிரகாஷுக்கு முன்னால் வைத்தார். நகர்த்தவில்லை, தூக்கி வைத்தார்.

"சாப்புடுங்க."

"இல்லங்க, நான்..."

"சாப்புடுங்கறேன்ல." பரோட்டாவை அவரே பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றினார். "பசியோட ஒருத்தர ஒக்கார வச்சிட்டு எங்களுக்கு எறங்காது. டேய் கோபி, அங்க ஏன் தனியா குந்தியிருக்க? தட்ட எடுத்துக்கினு இங்க வா."

லூர்துபிரகாஷ் சாப்பிட்டார். கோவிந்தசாமி தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். தட்டு காலியாகுமுன் இன்னொரு பரோட்டா வந்து விழுந்தது. போதுங்க என்று கையால் மறைத்தார், கையின் மேலேயே ஒன்று விழுந்தது. அதையும் சாப்பிட்டார். பாகூர் வண்டி வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது வீராயி அம்மாள் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். "வியாழக்கெழம வரும்போது எல்லாரும் வெறும் வயித்தோட வாங்க" என்றார். "அந்தம்மாகிட்டயும் சொல்லுங்க. எங்க வூட்ல வேணாம்னு சொன்னா யாரும் கேட்டுக்க மாட்டாங்க."

"சரிங்க" என்றார் லூர்துபிரகாஷ்.

அடுத்த வண்டி வந்தது. ஏறப்போனவர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"இத எழுத மாட்டீங்களே, சம்மந்தி?"

"மாட்டேங்க."

வீராயி அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் அடித்தார். வீராயி அம்மாள் இன்னொரு தடவை கேட்டார்.